முகத்தில் கத்தி படக் கூடாது

13.06.2024, வியாழன்

காலையிலிருந்து தலை வெட்டுகிற வேலைதான். ஃபோட்டோவில் இருந்து. ஒரு பயலுக்குப் பிறந்தநாள், வாழ்த்துவதற்குப் பத்தொன்பது பேர். ஒவ்வொருவனும் ஒவ்வோர் இடத்தில் நின்று எடுத்த செல்ஃபி. ஒருத்தன் பின்னால் பாத்ரூம் கதவு, இன்னொருத்தன் பின்னால் யாருடையதோ கார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆளை மட்டும் எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும். யார் படம் பெரிசு, யார் படம் சிறிசு என்பதில்தான் சண்டையே. "அக்கா, அவனும் நானும் ஒண்ணா? என்னைய ஒரு இஞ்சு ஏத்தி வைங்க" என்று ஒருத்தன் ஃபோன் செய்தான். பத்தாம் வகுப்பு ஃபெயிலாம். நீ மொதல்ல பாஸாகு, ரெண்டு இஞ்சு ஏத்துறேன் என்றேன். கட் பண்ணிவிட்டான்.

"கஸ்டமர வெரட்டாத முனீஸு" என்றார் பீமாராவ் அண்ணன். கடை அவருடையது. அவர் திட்டுவது அம்புட்டுத்தான்.

திருநகரில் இந்த ஃபிளெக்ஸ் கடைக்கு டிசைனராக வந்து நாலு வருஷம் ஆகிறது. காது குத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை, கட்சி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் மவுஸ் வழியாகத்தான் போகிறது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல படம் போடுது" என்கிறார் அப்பா.

தம்பி அழகுராஜா ப்ளஸ் டூ வந்துவிட்டான். புது யூனிஃபார்மில் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. இப்படித்தான் இப்போது தைப்பார்களாம்.

07.07.2024, ஞாயிறு

அவன் முழங்கைக்கு மேலே ஒரு கயிறு. குளித்துவிட்டு வரும்போது பார்த்தேன். ரெண்டு நிறம் முறுக்கின கயிறு. நம்ம ஆளுங்க கயிறு. மணிக்கட்டில் கட்டினால் ஸ்கூலில் வெட்டிவிடுகிறார்கள் என்று சட்டைக்குள் மறைகிற மாதிரி ஏற்றிக் கட்டியிருக்கிறான்.

"எதுக்குடா இது?"

"எல்லாரும் கட்டிருக்காய்ங்க."

"சிவபாண்டி கட்டிருக்கானா?"

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சிவபாண்டி காலனிப் பையன். ஆறாம் வகுப்பிலிருந்து இவனும் அவனும் ஒரே பெஞ்ச், ஒரே பஸ், கபடியில் ஒரே டீம். அவன் எப்படி இந்தக் கயிற்றைக் கட்டுவான்? அவன் கட்டினால் வேறு நிறத்தில்தான் கட்ட வேண்டும். ஒரு பெஞ்சில் உட்காருகிற ரெண்டு பேர் கையில் ரெண்டு நிறம்.

இவன் எட்டாவது படிக்கும்போது சிவபாண்டியின் அம்மா முருகம்மாளைப் பஸ் ஸ்டாப்பில் வைத்து "பெரியம்மா" என்று கூப்பிட்டுவிட்டான். அப்பா அங்கேயே கன்னத்தில் அறைந்தார். "அவ எப்படிடா ஒனக்குப் பெரியம்மா ஆவா?" அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறிப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்த ரெண்டு பயல்களும் மறுநாளே ஒன்றாகத்தான் ஸ்கூலுக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு இருந்த வெட்கம்கெட்ட நல்ல மனசு, நமக்கு ஏன் இல்லாமல் போனது.

24.07.2024, புதன்

ஊர்க் கோயில் ஆடிக் கொடைக்கு ஃபிளெக்ஸ். ஆர்டர் கொடுத்தது அருள்பாண்டி அண்ணன். எங்கள் ஊரில் எலெக்‌ஷன் என்றாலும் எழவு என்றாலும் முன்னால் நிற்கிற ஆள் அவர்தான். கூடவே தம்பியும் ஏழெட்டுப் பயல்களும் பைக்கில் வந்து இறங்கினார்கள். கடையே கருத்துப்போனது.

இருபதுக்குப் பத்து அடி. மேலே சாமி, நடுவில் அருள்பாண்டி அண்ணன், கீழே வரிசையாகப் பயல்கள். ரெண்டு அருவாளைக் குறுக்கே வைக்கச் சொன்னார்கள். "கொடைக்குக் கூழு ஊத்துறீங்களா, ஆளு வெட்டுறீங்களா" என்று கேட்டேன். அருவாளை எடுத்துவிட்டேன். தம்பியை முன்வரிசையில் கூலிங் கிளாஸோடு வைத்தேன். பெரிதாகத்தான் வைத்தேன். வீட்டில் ஒன்றுக்கும் உதவாதவன் என்று பேச்சு வாங்குகிறவன், ஸ்கூலில் கடைசி பெஞ்ச். இங்கேயாவது முன்னால் நிற்கட்டுமே.

காற்றுப் போக அரைவட்டமாகப் பிளேடில் கீறி விடுவது வழக்கம். அதுவும் ஆடி மாசம். எங்கே கீறினாலும் யாராவது ஒருத்தன் முகம் வருகிறது. அம்புட்டு முகம். அருள்பாண்டி அண்ணன் கையை நீட்டித் தடுத்துவிட்டார். "ஆத்தா, எந்தப் பய மொகத்துலயும் கத்தி படக் கூடாது. அபசகுனம்." காத்து தாங்காதுண்ணே என்றேன். "நம்ம பயலுக தாங்குவாய்ங்க" என்று சிரித்தார். பயல்கள் கை தட்டினார்கள்.

29.07.2024

பஸ் ஸ்டாப்பில் ஏற்றிவிட்டார்கள். தம்பி தன் படத்தைத் தானே ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். சாயங்காலம் எனக்கு முட்டை போண்டா வாங்கிக்கொண்டு வந்தான். நன்றியாம்.

02.08.2024, வெள்ளி

ராத்திரி முழுக்கக் காற்று. தகரம் பறக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பினால் பஸ் ஸ்டாப்பில் கூட்டம்.

கம்பத்தில் யாரோ சுருட்டிக் கட்டியிருந்த ஃபிளெக்ஸை அவிழ்த்து விரித்திருக்கிறார்கள். கிழிந்து கிடக்கிறது. மேல் மூலையில் ஆணி அடித்த இடத்தில் விட்டு, சரிவாக இறங்கி, தம்பி நெற்றியில் ஆரம்பித்து தாடை வரைக்கும். ரெண்டாக.

கிட்டே போய்ப் பார்த்தேன். பிளேடில் கிழித்தால் ஓரம் மழுமழுவென்று இருக்கும். இது நூல் நூலாகப் பிசிறடித்து நிற்கிறது. ஆணி துளை இழுபட்டு நீண்டிருக்கிறது. தினமும் நான் பார்க்கிற விஷயம். "காத்துதாண்டா" என்றேன்.

ஒரு பயல் திரும்பினான். "காத்துக்கு எப்படிக்கா இவன் மூஞ்சி மட்டும் தெரியும்?"

அப்புறம்தான் ஃபோனைக் காட்டினார்கள். விடியக்காலை யாரோ பஸ்ஸில் போகும்போது எடுத்த படம். சிவபாண்டி நிற்கிறான், கையில் கிழிந்த ஃபிளெக்ஸ். ஊர் குரூப் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. "கையிலயே இருக்குல்ல? இன்னும் என்ன சாட்சி வேணும்?"

அருள்பாண்டி அண்ணன் பைக்கில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பயமாக இருந்திருக்காது. "இன்னிக்குப் படத்தக் கிழிச்சவன் நாளைக்கு ஆளக் கிழிப்பான். அழகு, ஒன் மொகம்டா அது. நீதான் சொல்லணும்."

சாயங்காலம் வீட்டில் தம்பியைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எனக்குத் தெரியும்க்கா. சிவா காலைலயே ஃபோன் பண்ணான். மாப்ள, ஒன் மூஞ்சி ரோட்டுல பறந்துக்கிட்டுக் கெடந்துச்சு, வண்டி ஏறிரும்னு சுருட்டிக் கம்பத்துல கட்டிட்டு வந்தேன்னான். சிரிச்சான்."

"அத அவய்ங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா, அவனுக்கு நீ எதுக்குடா வக்காலத்து வாங்குறம்பாய்ங்க."

"சொல்லட்டும்."

"ஒனக்குப் புரியாதுக்கா."

எனக்குப் புரியாது என்கிறான். தினமும் நூறு பயல்களின் முகத்தை நகம் மாதிரி ஓரம் வெட்டுகிற எனக்கு. எல்லார் கண்ணிலும் ஒரே பயம்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவன் தன்னைச் சின்னவனாக நினைத்துவிடுவானோ என்கிற பயம். அதற்குத்தான் கூலிங் கிளாஸ்.

03.08.2024, சனி

அருள்பாண்டி அண்ணன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். ஃபோனில் எடுத்து வைத்திருந்த பிசிறைக் காட்டினேன். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குத்தா ஊர் வம்பு. பயலுக சும்மா மெரட்டி விடுவாய்ங்க, அம்புட்டுத்தான்" என்றார். டீ கொடுத்தார். நானும் குடித்துவிட்டு வந்தேன்.

04.08.2024, ஞாயிறு

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வரைக்கும் எல்லாம் இருந்தது.

சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தம்பிக்கு ஃபோன் வந்தது. வெளியே போய்ப் பேசினான். பிறகு அவன் யாருக்கோ ஃபோன் செய்தான். "கம்மாக்கரைக்கு வா மாப்ள, ஒரு விசயம்" என்றது காதில் விழுந்தது. யாருடா என்று கேட்டேன். "இந்தா வாரேன்" என்றான். தட்டில் பாதித் தோசை இருந்தது.

திரும்பி வந்தவன் நேராகக் குழாயடிக்குப் போனான். கையைக் கழுவினான். கழுவினான். கழுவிக்கிட்டே இருந்தான். கையில ஒண்ணுமே இல்ல. அழகு, என்னடா, என்னடா ஆச்சுன்னு நான் கேக்கேன், அவன் தண்ணியையே பாத்துக்கிட்டு நிக்கிறான். அம்மா வந்து தோளைப் பிடித்து உலுக்கின பிறகுதான் வாயைத் திறந்தான்.

"சிவாவ வெட்டிட்டாய்ங்க."

அருள்பாண்டி வீட்டிலிருந்து ஆள் வந்தது. பையனை உடனே திருப்பூருக்கு ஏற்றிவிடுங்கள், மிச்சத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று. அப்பா அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன நினைத்தாரோ, வண்டியை எடுத்து தம்பியைப் பின்னால் உட்கார வைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார். போகும்போது அவன் செருப்புப் போடவில்லை.

06.08.2024

பெரியாஸ்பத்திரியில் சிவபாண்டி இறந்துவிட்டான்.

09.08.2024, வெள்ளி

உடம்பை வாங்க மாட்டோம் என்று காலனி ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரையும் பிடித்தால்தான் வாங்குவார்களாம். பிடிக்கட்டும். அஞ்சு பேரில் மூணு பேர் பதினெட்டு முடியாதவர்கள், என் தம்பியையும் சேர்த்து. ஊருக்குள் ரெண்டு வேன் போலீஸ். பஸ் ஊருக்குள் வரவில்லை.

அம்மா அடுப்புப் பற்ற வைக்கவில்லை. நானும் பசிக்கிறது என்று சொல்லவில்லை. மூணு நாளாக என் மனசில் ஒரே ஒரு கேள்விதான், அசிங்கமான கேள்வி. என் தம்பி கையில் அருவாள் இருந்ததா இல்லையா? இல்லை என்றால் நான் நிம்மதியாகிவிடுவேனா? ஒரு தாய் ரோட்டில் கிடக்கிறாள், நான் இதைத்தான் யோசிக்கிறேன்.

16.08.2024

எங்கள் பக்கத்து வாண்டுகள் யாரோ தம்பி படத்தை வைத்து ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூலிங் கிளாஸ் படம். நான் வெட்டினது. பக்கத்தில் ஒரு சிங்கம். கீழே நெருப்பு.



27.08.2024, செவ்வாய்

கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். பீமாராவ் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. என் டேபிளைத் துடைத்து வைத்திருந்தார்.

முதல் ஆர்டர் ஒரு ஸ்கூலிலிருந்து. மாணவர்களிடையே வன்முறை தவிர்ப்பு, விழிப்புணர்வுக் கூட்டம். அதிகாரி வருகிறார், பேனர் வேண்டும். மாடலாக ஒரு புறா அனுப்பியிருந்தார்கள், வாயில் இலை. அதிகாரி படம் பெரிதாக இருக்க வேண்டுமாம், தலைமை ஆசிரியர் படம் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக, மற்ற ஆசிரியர்கள் கீழே வரிசையாக.

அடித்துக் கொடுத்தேன். பசங்களுக்கு வேறு எங்கேயிருந்து வரும் இந்தப் புத்தி.

10.09.2024

அருள்பாண்டி கடைக்கே வந்துவிட்டார். ஜெயிலில் இருக்கிற பெரிய பயல்கள் ரெண்டு பேரும் ஜாமீனில் வருவார்களாம், வரவேற்பு ஃபிளெக்ஸ் வேண்டுமாம். "ஒன் தம்பி படத்தையும் சேத்துத்தான் ஆத்தா. நம்ம பயலுகள நாமதான் தூக்கிப் பிடிக்கணும்."

"ஒங்க மகன் எங்கண்ணே படிக்கிறாரு? கோயமுத்தூர்ல இஞ்சினியரிங்தான? அவரு படம் ஏன் ஒரு ஃபிளெக்ஸ்லயும் வரல?" என்று கேட்டேன். இதுவரைக்கும் அவரிடம் நான் அப்படிப் பேசினதில்லை. கையை ஓங்கினார். பீமாராவ் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நடுவில் நின்றார்.

"இந்த ஆர்டர் நம்ம மிஷின்ல ஓடாது அண்ணே. வேற கடை பாருங்க."

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தோம். அருவாள், துப்பாக்கி, பழி வாங்குகிற வசனம் எதுவும் இனி இந்தக் கடையில் இல்லை. பதினெட்டு முடியாத பயல் படம் என்றால் அவன் அம்மா ஃபோனில் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரிண்ட்.

02.10.2024

அம்மாக்களுக்கு ஃபோன் போடுவது ஒரு தனி வேலையாகிவிட்டது. "எம்மகன் படமா? அவன் டியூஷன்ல இருக்கேன்னான? அங்கயே நிக்கச் சொல்லு, வாரேன்" என்று ஒரு அம்மா வந்து கடை வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். பல நாளைக்குப் பிறகு சிரித்தேன். உடனே சிவபாண்டி ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. என்னை அவன் பேனர் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டது. அண்ணன் சம்பளத்தைக் குறைக்கவில்லை.

20.10.2024, ஞாயிறு

கூர்நோக்கு இல்லத்தில் தம்பியைப் பார்த்தேன். இதுவரை அப்பாதான் போய்க்கொண்டிருந்தார். எனக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை. இளைத்துவிட்டான். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். முழங்கைக்கு மேலே கயிறு இருந்த இடத்தில் ஒரு வெளுத்த வளையம்.

நான் கேட்காமலே சொன்னான்.

"மன்னிப்புக் கேக்க வச்சு வீடியோ எடுக்கணும்னாய்ங்க. வேற ஒண்ணும் பண்ண மாட்டோம்னாய்ங்க. நாங்க கூப்பிட்டா வர மாட்டான், நீ கூப்புடுன்னாய்ங்க. கூப்பிட்டேன். இடுப்புல கட்டிருந்த சாரத்தோடயே வந்தான்க்கா. சாப்ட்டுக்கிட்டு இருந்தவன் கையக்கூடக் கழுவல. காத்து கிழிச்சதுக்கு நான் எதுக்குடா மன்னிப்புக் கேக்கணும்னு சிரிச்சான். அப்புறம் என்னையப் பாத்து, நீ சொல்றா மாப்ளன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"எல்லாரும் என்னையவே பாத்தாய்ங்க. நான் கீழ பாத்தேன்."

அம்புட்டுத்தான். அருவாள் யார் கையில் இருந்தது என்று ரெண்டரை மாதமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேனே, அந்தக் கேள்விக்கு இப்போது அர்த்தமே இல்லை.

வெளியே வரும்போது அங்கே இருக்கிற கவுன்சிலிங் மேடம் கூப்பிட்டார். "உங்க தம்பி யார்கிட்டயாவது கடைசியா 'மாட்டேன்'னு சொன்னது எப்போ? ஞாபகம் இருக்கா?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சின்ன வயசில் சொல்லியிருக்கிறான். முடி வெட்ட மாட்டேன், கிடாய் வெட்டுகிற இடத்துக்கு வர மாட்டேன், அழுதிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அப்பா அடித்திருக்கிறார். "ஆம்பளையாடா நீ" என்று நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம். மாட்டேன் என்கிற வார்த்தையை நாங்களே அவன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டோம். பிறகு கம்மாக்கரையில் அவனுக்கு அது எங்கிருந்து வரும்?

ஆனால் இது ஒரு சமாதானம்தான். சிவபாண்டியையும் யாரோ அடித்துத்தான் வளர்த்திருப்பார்கள். அவன் அடுத்தவன் படத்தை மண்ணில் விழாமல் எடுத்துக் கட்டினான்.

05.01.2025

வீட்டுக்கு நாலு பெரிய மனிதர்கள் வந்தார்கள். முருகம்மாள் தரப்போடு சமாதானம் பேசிக் கேஸை முடிக்கலாம் என்று. "அந்தப் பொம்பளை வாசல்ல போயி நின்னு நான் என்னத்தப் பேச? கேஸு நடக்கட்டும்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

03.03.2025, திங்கள்

ப்ளஸ் டூ பரீட்சை ஆரம்பம். பஸ் முழுக்கப் பிள்ளைகள், கையில் அட்டை, நெற்றியில் திருநீறு. ரெண்டு பேர் குறைகிறார்கள்.

19.06.2025, வியாழன்

பஸ்ஸில் முத்துக்குமரனைப் பார்த்தேன். சிவபாண்டியின் தம்பி. பத்தாவது போகிறான். ஒரு வருஷத்தில் ஆளே உயர்ந்துவிட்டான், அண்ணன் சாயல் அப்படியே இருக்கிறது. சட்டைக் கைக்குள் அவனும் ஒரு கயிறு கட்டியிருக்கிறான். அவன் பக்கத்து நிறம். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணை எடுக்கவேயில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

தம்பி இல்லத்திலிருந்து ஒருநாள் வெளியே வரத்தான் போகிறான். அன்றைக்கு இந்தப் பையனுக்கு என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தம்பிக்காகப் பயமா, இந்தப் பையனுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பத்தாவது படிக்கிற பிள்ளை. அவனுக்குக் கணக்கும் இங்கிலீஷும் பயமாக இருக்க வேண்டிய வயசு.

போன வாரம் தம்பியைப் பார்க்கப் போனபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முத்து ஸ்கூலுக்குப் போறானாக்கா?"

31.07.2025, வியாழன்

கடை நம்பருக்கு வாட்ஸப்பில் ஒரு ஆர்டர். வெளியூர்ப் பையன்கள், நான் யாரென்று தெரியாது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. சிவபாண்டி.

பதினாறுக்குப் பத்து. கீழே முப்பது முகம் வரிசையாக. நடுவில் அண்ணன் படத்துக்குச் சமமாகத் தம்பி முத்துக்குமரன், கையைக் கட்டிக்கொண்டு. மேலே எழுத வேண்டிய வரியும் அனுப்பியிருந்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். என் தம்பியின் பெயர் இல்லை, ஆனால் யாரைச் சொல்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பஸ் ஸ்டாப்பில் வைக்கப் போகிறார்களாம். அதே இடத்தில்.

திருப்பி அனுப்பினால் அடுத்த கடையில் அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவான். அந்தப் பையன் முகம் அந்த வரிக்குக் கீழே ஒரு தடவை ஏறிவிட்டால், அதற்குப் பிறகு அவன் இறங்க முடியாது. பார்க்கிறவன் எல்லாம் கேட்பான், என்னடா, எப்போ என்று. என் தம்பி ஏறினதைப் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டு முடியாத பயல் என்றால் அம்மாவிடம் கேட்க வேண்டும். நாங்கள் போட்ட சட்டம்தான். பீமாராவ் அண்ணன் "நான் பேசவா முனீஸு?" என்றார். வேண்டாம் என்றேன்.

முருகம்மாள் நம்பரை வாங்கி ஃபோன் செய்தேன். யாரு என்றது குரல். பெயரைச் சொன்னேன். அழகுராஜா அக்கா என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவர் வேலை பார்க்கிற மில்லில் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும். ஃபிளெக்ஸ் விஷயத்தைச் சொன்னேன். முத்துக்குமரன் படத்தைச் சொன்னேன். அந்த வரியை ஒருமுறை வாசித்துக் காட்டினேன். வாசிக்க வாசிக்க எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்தம்பிக்காகக் கேக்கலம்மா, சாமி சத்தியமா, இல்ல, அவனுக்காகவும்தான் கேக்குறேன், என்று என்னென்னமோ உளறினேன்.

"நாளைக்கு வாரேன்" என்றார். கட் ஆகிவிட்டது.

01.08.2025, வெள்ளி

வந்தார்.

மில் சேலை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. ஒரு வருஷத்தில் முடி பாதி வெளுத்திருக்கிறது. எழுந்து "வாங்கம்மா, உக்காருங்க" என்றேன். என் வயசுக்கு இந்தம்மாவை நான் வாங்க என்று கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவர் உட்காரவில்லை.

"அந்தப் பயலுககிட்டப் பேசிட்டேன். எம்மகன் பேர வச்சு எவனும் ஒரு படமும் வைக்கக் கூடாது, வச்சா நானே வந்து கிழிப்பேன்னு சொல்லிட்டேன். முத்து ராத்திரி பூரா என்கூடப் பேசல. கத்துனான். நீ பெத்தவளான்னு கேட்டான். கேட்டுட்டுப் போகட்டும், உசுரோட இருந்து கேக்கட்டும்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கும்பிடாத. ஓந்தம்பிக்காகப் பண்ணல. கேஸு நடக்கும், கடைசி வரைக்கும் நடத்துவேன். கோர்ட்டுல வந்து நிப்பேன். எனக்கு இன்னொரு பயதான் இருக்கான். அவன இன்னொருத்தன் கொண்டுபோயி வரிசைல நிக்க வைக்கிறதுக்கு நான் பெக்கல."

பிறகு இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தார். திரை கீறல் விழுந்த ஃபோன். வீட்டுக்குள் மாட்ட ஒரு படம் வேண்டும், சின்னதாக, அவன் மட்டும், பேரும் தேதியும் போதும், வேறு ஒரு எழுத்தும் வேண்டாம் என்றார். நிறையப் படம் இருக்கிறது, எல்லாவற்றிலும் முறைத்துக்கொண்டுதான் நிற்கிறானாம். "இதுலதான் சிரிச்சிருக்கான்."

கபடியில் ஜெயித்த அன்றைக்கு எடுத்த படம். சிவபாண்டி வாய் கொள்ளாமல் சிரிக்கிறான். அவன் தோளில் ஒரு கை. பக்கத்தில் என் தம்பி.

"பக்கத்துல இருக்குறத எடுத்துரு" என்றார். பெயர் சொல்லவில்லை.

சிஸ்டத்தில் ஏற்றினேன். எத்தனை ஆயிரம் பேரை வெட்டியிருக்கிறேன். முதலில் தம்பி முகத்தை எடுத்தேன். பிறகு தோளில் கிடந்த கையை, ஒவ்வொரு விரலாக. அவர் என் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை போய்விட்டது. அது இழுத்துப் பிடித்திருந்த இடத்தில் சட்டை மட்டும் கொத்தாகச் சுருங்கி நின்றது.

"சட்டை கசங்கிக் கெடக்கு" என்றார்.

"சரி பண்ணிரவாம்மா? நேராக்கிறலாம்."

ரொம்ப நேரம் திரையையே பார்த்தார்.

"வேணாம். அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு."

பிரிண்ட் காய்கிற வரைக்கும் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு, மூணு மணி பஸ்ஸுக்குப் போனார்.